மிசலேனியஸ் – ஒன்று

ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கஸ்தூரி அம்மாவைப் பற்றி உங்களில் மூன்று பேர் என்னிடம் குறை சொல்லிவிட்டீர்கள். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு உன் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் கொடு என்று நிர்வாகம் கேட்டதால், ஓய்வு பெற்ற பிறகு போன மாதம்தான் முதல் தடவையாக ஃபாக்டரிக்கு வந்தேன். டீ வந்ததும் வராததுமாக உங்களில் ஒருவர் ஆரம்பித்தார்.

"சார், அந்தம்மா ரொம்ப பேஜார் பண்றாங்க. அரை கேன் மிச்சம் இருந்துச்சு, திருப்பி வெக்கப் போனேன். லேபிள் கிழிஞ்சிருக்கு, இன்னா கெமிக்கல்னு எழுதிட்டு வா, இல்லன்னா வாங்க மாட்டேன்னுட்டாங்க. மிசலேனியஸ்னு போட்டுக்கங்கம்மான்னு சொன்னேன். அதுக்கு ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, நான் என்னமோ கெட்ட வார்த்தை பேசிட்ட மாதிரி."

மற்றவர்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். டீ ஆறிப்போகும் என்று குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். அந்த வார்த்தை அவருக்குக் கெட்ட வார்த்தைதான். எனக்கும்தான். அதற்குக் காரணம் நான்.

என் பெயர் தேவராஜ். சொந்த ஊர் ஜோலார்பேட்டை. அப்பா ரயில்வேயில் இருந்தார். என்னையும் ரயில்வேயில் தள்ளிவிடப் பார்த்தார். இரண்டு தடவை பரீட்சை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டேன். அப்புறம் ஆம்பூர் பக்கம் இந்தத் தோல் ஃபாக்டரியில் ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தவன், அங்கேயே தலை நரைத்து வெளியே வந்தேன். ஸ்டோர்ஸ் என்றால் சாவியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை என்று புரொடக்‌ஷன்காரர்கள் கிண்டல் செய்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், இந்த வளாகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரைக் காப்பாற்றுவதுதான் ஸ்டோர்ஸ்காரனின் வேலை. இதை நான் தெரிந்துகொண்டது ரொம்பத் தாமதமாக.

அந்தக் காலத்து ரிஜிஸ்டரில் கடைசிப் பத்துப் பக்கத்துக்கு மேலே 'மிசலேனியஸ்' என்று தலைப்பு இருக்கும். எழுத்துப்பிழை இல்லாமல் அந்த வார்த்தையை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவன் ஸ்டோர்ஸில் நான் ஒருவன்தான். அதில் எனக்கு ஒரு கர்வம் வேறு. சாவி தொலைந்த பூட்டு, ஒற்றைக் கையுறை, யாரோ மறந்துவிட்டுப் போன குடை, கெமிக்கல் கம்பெனி ரெப் சாம்பிளுக்குக் கொடுத்துவிட்டுப் போன பாட்டில், எந்தப் பக்கத்திலும் சேராதது எல்லாம் அந்தப் பக்கத்தில் சேரும். வாயில் முழுசாக நுழையாததால் எல்லோரும் 'மிஸ்' என்றே சொல்வார்கள். "இத எங்கண்ணா வெக்கறது?" "மிஸ்ல போடுப்பா." ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இந்தப் பேச்சு நடக்கும். பக்கம் இருந்தது போலவே அதற்கென்று ஓர் அறையும் இருந்தது. ஷெட்டுக்குப் பின்னால், மேலே ஒரே ஒரு வென்டிலேட்டர் உள்ள சின்ன அறை. மிஸ் ரூம்.

ஆடிட் என்றால் உங்களுக்குத் தெரியும். நம் தோலை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆட்கள் வந்து, தொழிலாளிகளுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா, கெமிக்கலை ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று பார்ப்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் இடத்தில் ஆடிட் என்பது கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி ஆகிவிட்டது. முதல் நாள் சுவருக்குச் சுண்ணாம்பு, எல்லோருக்கும் புதுக் கையுறை, முகமூடி. இத்துடன் ஸ்டோர்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு வேலை உண்டு. லேபிள் கிழிந்த கேன் கண்ணில் பட்டால் ஆடிட்டர் குறை எழுதிவிடுவார். லேபிளே இல்லாத கேனைக் காலி கேன், ஸ்கிராப் என்று சொல்லி மிஸ் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டால் கேள்வி வராது. அதனால் கிழிந்த லேபிளை முழுசாகவே கிழித்துவிடுவோம். சரியாகப் படியுங்கள். லேபிள் கிழிந்திருந்தால் புது லேபிள் ஒட்டுவதற்குப் பதிலாக, இருந்ததையும் பிய்த்துப் போடுவோம். புது லேபிள் ஒட்டுவதானால் உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு நேரமாகும். இதைச் செய்ய யாரும் எனக்கு ஆர்டர் போடவில்லை. நானே கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனம். நாலைந்து ஆடிட்டுகளில் அது பலித்தும் விட்டது.

குமரேசன் ஸ்டோர்ஸ் உதவியாளர். ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் கொஞ்சம் நிலம் உண்டு, மழையை நம்பின நிலம். காலையில் முதல் பஸ்ஸில் வந்து சாப்பாட்டுப் பையை எப்போதும் ஒரே ஆணியில் மாட்டுவான். என்னைவிட எட்டு வயது சின்னவன். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கேன் எது என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லுவான். எல்லாம் லேபிளின் நிறத்தையும் படத்தையும் வைத்துத்தான். "நீலக் கோடு போட்டது ஃபார்மிக் ஆசிட்ணா. செத்த மீன் படம் இருக்கிறது தோல்ல முடி எடுக்கறது." அவனுக்கு லேபிள்தான் எழுத்து. அதைத்தான் நான் பிய்த்துப் போட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் ஆடிட். சாப்பாட்டு மணிக்குள் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். ஷெட்டில் ஏழு கேன்கள் மிச்சம் கிடந்தன. ஏழும் அரையும் காலுமாக. ஏழிலும் லேபிள் ஊறிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. நானே உட்கார்ந்து ஏழு லேபிளையும் உரித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். ரிஜிஸ்டரைத் திறந்து கடைசிப் பக்கத்தில் 'மிசலேனியஸ் – 7 கேன்' என்று எழுதினேன். அப்புறம் யோசனை வந்தது. மிஸ் ரூமில் ஏற்கெனவே இடமில்லை.

"குமரேசா, இந்த ஏழையும் மூணாக்கிடு. பாதி பாதியா இருக்கறத ஒண்ணா ஊத்திட்டு, காலி கேனக் கழுவிடு" என்றேன்.

அவன் கேன்களைச் சுற்றி வந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"எதுல எதண்ணா ஊத்தறது?"

போன் அடித்துக்கொண்டிருந்தது. கையுறை வாங்க ஆட்கள் ஜன்னலில் வரிசையாக நின்றார்கள். நான் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

"எல்லாம் மிஸ்தானப்பா. எதுல எத ஊத்தினா இன்னா?"

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. தள்ளுவண்டியில் கேன்களை ஏற்றிக்கொண்டு மிஸ் ரூமுக்குப் போனான்.

அரை மணி நேரம் போயிருக்கும். பின்பக்கமிருந்து அன்வர் பாய் கத்தும் சத்தம் கேட்டது. அன்வர் பாய் தோல் பதனிடும் டிரம் பிரிவில் வேலை செய்பவர், குமரேசனுக்கு நல்ல தோஸ்த். நான் ஓடினேன். மிஸ் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே நாலடி தூரத்தில் குமரேசன் குப்புற விழுந்து கிடந்தான். பக்கத்தில் ஒரு கேன் சாய்ந்திருந்தது. அன்வர் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே பாயப் போனார். நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"உடுய்யா! ஆள் சாவறான்யா உள்ள!"

"போவாத பாய். உள்ள இன்னா இருக்குன்னு தெரியாது. நீயும் உழுந்துடுவ."

"நீ எழுதி வெச்சது தானய்யா! உனக்குத் தெரியாதா?"

அவர் என் கையைக் கடித்தார். தழும்பு இன்னும் இருக்கிறது. நான் விடவில்லை. என்ன வாயு என்று தெரியாத அறைக்குள் இரண்டாவது ஆள் போகக்கூடாது என்று எப்போதோ ஒரு பாதுகாப்பு வகுப்பில் சொன்னது எனக்குள் எப்படியோ தங்கியிருந்தது. அந்த வகுப்பில் நான் பாதி நேரம் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "கொக்கி கொண்டா! குழியில தோல் இழுக்கற கொக்கி!" என்று கத்தினேன். நீளமான மூங்கில் கழியில் இரும்புக் கொக்கி மாட்டியது, சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலை இழுக்க வைத்திருப்போம். கதவுக்கு வெளியே நின்றபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு, குமரேசனின் பெல்ட்டில் அதை மாட்டி, இரண்டு பேராக வெளியே இழுத்தோம். ஒரு மனுஷனைத் தோலை இழுப்பது போல இழுத்தேன். வேறு வழி இல்லை. நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும், இரண்டாவது ஆளை உள்ளே விடக்கூடாது. ஆனால் அந்தக் கழியின் கனம் கையை விட்டுப் போகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

மூச்சு இருந்தது. ஆனால் விட்டு விட்டு வந்தது. ஆம்புலன்ஸில் நான் ஏறினேன். ஆம்பூரில் ஆக்சிஜன் வைத்து, உடனே வேலூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். வழி முழுக்க அவன் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டே போனேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். நாற்பது வயது இருக்கும். குமரேசனை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதே என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"என்ன கெமிக்கல்? என்ன சுவாசிச்சார்?"

நான் வாயைத் திறந்தேன். வந்தது ஒரே ஒரு வார்த்தை.

"மிசலேனியஸ் டாக்டர்."

அவர் நின்றுவிட்டார். "அப்படின்னா? பேர் சொல்லுங்க. ஆசிடா, குளோரினா, சல்ஃபைடா, தின்னரா? ஒவ்வொண்ணுக்கும் நான் பண்ண வேண்டியது வேற."

அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது. மேனேஜர். நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"தேவராஜ், என்ன சொல்லிருக்க அங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல சார்."

"தரை கழுவுற லிக்விட்னு சொல்லு. கெமிக்கல் கலந்தோம்னு வாயத் தொறக்காத. நாளைக்கு ஆடிட் முடியட்டும், மத்தத அப்புறம் பாத்துக்கலாம். உன் கையெழுத்துதான் ரிஜிஸ்டர்ல இருக்கு, ஞாபகம் வெச்சுக்க."

அவர் மட்டும் கெட்டவர், நான் நல்லவன் என்று இதைப் படிக்காதீர்கள். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதுதான் என் லட்சணம். தரை கழுவுற லிக்விட். எவ்வளவு சுலபமான வார்த்தை. என் வேலை, பெண்ணின் கல்யாணம், எல்லாம் தப்பித்துவிடும். தூணில் சாய்ந்துகொண்டு நின்றேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றிருப்பேன். உள்ளே குமரேசனுக்கு அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

என்னை அங்கிருந்து நகர்த்தியது மனசாட்சி என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் என் கை. அன்வர் பாய் கடித்த இடத்திலிருந்து ரத்தம் சொட்டி, சட்டைப் பையில் இருந்த பேனாவில் பட்டிருந்தது. ரிஜிஸ்டரில் எழுதிய அதே பேனா. நான் டாக்டரிடம் ஓடினேன். ஏழு கேன்களில் மிச்சம் இருந்ததையெல்லாம் ஒன்றாக ஊற்றச் சொன்னேன், லேபிள்களை நான்தான் உரித்தேன், எது எதோடு கலந்தது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "லேபிள் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்வர் பாய்க்குப் போன் போட்டேன். அவர் ஸ்டோர்ஸ் குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்து, ஈரக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போனிலேயே எழுத்துக் கூட்டிப் படித்தார். பாதிப் பெயர்கள்தான் கிடைத்தன. நான் அதைச் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதிக்கொண்டார். ஐந்தாவது லேபிளில் செத்த மீன் படம். முடி எடுக்கிற சல்ஃபைட். ஆறாவதில் நீலக் கோடு. ஃபார்மிக் ஆசிட். அன்வர் பாய் கடைசியாக இன்னொன்றும் சொன்னார்.

"ஊத்தினதும் அழுகின முட்டை நாத்தம் அடிச்சுதுப்பா. அவன் வெளிய ஓடியாந்துட்டான். வாசல்ல நின்னு எங்கூடத்தான் பேசினு இருந்தான். 'நாத்தம் கம்மியாயிடுச்சு பாய், போய் மூடி போட்டு வர்றேன்'னு உள்ள போனான். அவ்ளோதான்."

இதைச் சொன்னதும் டாக்டரின் முகம் மாறியது. சல்ஃபைடும் ஆசிடும் சேர்ந்தால் வருகிற அந்த வாயு அதிகமானால் மூக்கு முதலில் செத்துவிடும், நாற்றம் போனதாகத் தோன்றும், போயிருக்காது என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது நீங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குமரேசனின் மனைவி சாயங்காலத்துக்கு முன் வந்து சேர்ந்தார். அவர்தான் கஸ்தூரி. பத்தாவது வரை படித்தவர். இரண்டு பெண் குழந்தைகளை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு, களை எடுத்த கையோடு பஸ் பிடித்து வந்திருந்தார். விரல் இடுக்கில் மண் இருந்தது. மூன்று நாள் அந்த வராண்டாவில் நாங்கள் இரண்டு பேரும் எதிர் எதிராக உட்கார்ந்திருந்தோம். நான் டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். என்னை நல்லவன் என்று நினைத்தார். உள்ளே விழுந்தவரை இழுத்துப் போட்டவர் இவர்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வராண்டாவுக்கு வந்தார். நிலைமை மோசமாக இருக்கிறது என்று சொன்னார். கஸ்தூரி அழவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மிசலேனியஸ்ங்கறது அவ்ளோ மோசமான கெமிக்கலாங்க?"

நானும் டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதல் நாள் நான் சொன்ன வார்த்தை நர்ஸுகள் வழியாகக் கஸ்தூரியின் காதுக்குப் போயிருந்தது. தன் புருஷனை விழ வைத்த விஷத்தின் பெயர் அதுதான் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"அது எந்தக் கெமிக்கலோட பேரும் இல்லம்மா" என்றார் டாக்டர். அவர் கஸ்தூரியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "பல மாதிரிப் பொருள் கலந்து கெடந்தா, தனித்தனியாப் பேர் சொல்ல முடியலேன்னா அப்படிச் சொல்லுவாங்க. லத்தீன் மொழியில இருந்து வந்த வார்த்தை. அதுல கலக்கறதுன்னு அர்த்தம். நாங்க படிக்கிறப்ப பழைய மருந்துச் சீட்டு எல்லாம் காட்டுவாங்க. டாக்டர் மருந்துங்களோட பேரையெல்லாம் வரிசையா எழுதிட்டு, கடைசியில 'மிஸ்கே'ன்னு எழுதுவார். கலக்குன்னு கம்பவுண்டருக்கு உத்தரவு. அதுலேர்ந்து வந்ததுதான் மிக்சரும், மிசலேனியஸும்."

கஸ்தூரி முந்தானையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அவரு பேரையெல்லாம் எழுதிட்டு அப்புறம்தானே கலக்கச் சொல்லுவாரு?"

"ஆமாம்மா."

"இவங்க பேர் எழுதலையா?"

டாக்டர் என்னைப் பார்க்காமல் எழுந்து போனார். அது எனக்குச் செய்த மரியாதையா தண்டனையா என்று இன்றுவரை தெரியவில்லை. கஸ்தூரியும் என்னைப் பார்க்கவில்லை. 'இவங்க' என்று அவர் சொன்னது கம்பெனியை. எதிரில் உட்கார்ந்திருந்தவன்தான் அது என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று மத்தியானம் குமரேசன் இறந்துவிட்டான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசாரணை வந்தது. ரிஜிஸ்டரில் எழுதியது, லேபிளை உரித்தது, ஒன்றாக ஊற்றச் சொன்னது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். 'எதுல எத ஊத்தினா இன்னா' என்று நான் சொன்ன வாக்கியத்தை மட்டும் எழுதவில்லை. யாரும் கேட்கவுமில்லை. சில மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், அப்புறம் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மிஸ் ரூமை இடித்தார்கள். ஒரு நாள் நான் அந்த டாக்டரைப் போய்ப் பார்த்து, வந்தவுடனே உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். "தெரியாது" என்றார். "பிழைச்சிருப்பார்னும் சொல்ல முடியாது, மாட்டார்னும் சொல்ல முடியாது." அந்தத் 'தெரியாது'வோடுதான் நான் ஓய்வு பெற்றேன்.

அந்த வார்த்தையை நான் விடவும் இல்லை. என் மகளிடம் ஒரு தடித்த அகராதி உண்டு. அதில் தேடினேன். டாக்டர் சொன்னது சரிதான், கலப்பதுதான் வேர். கூடவே இன்னொரு செய்தி போட்டிருந்தது. பழைய ரோமில், கூட்டம் வேடிக்கை பார்க்க வாளோடு மோதிச் சாக விடுவார்களே, அந்த வீரர்களுக்குக் கண்டதையும் ஒன்றாகப் போட்டுக் கொடுத்த மட்டமான சாப்பாட்டுக்கு இந்த வார்த்தையின் பழைய வடிவம்தான் பெயராம். அகராதியை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். எத்தனை வருஷமாக அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்!

கஸ்தூரிக்கு வேலை கொடுக்க நிர்வாகம் முன்வந்தது. ஷூ பிரிவில் தையல் மிஷின், உட்கார்ந்து செய்கிற வேலை. அவர் வேண்டாம் என்றுவிட்டார். "அவரு வேலை செஞ்ச எடத்துலயே குடுங்க" என்றார். ஆபீஸில் எல்லோரும் திகைத்துப் போனார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்தார். அவரை உள்ளே அழைத்துப் போக கேட்டுக்கு நான்தான் போனேன். வேறு யாரும் போக மாட்டேன் என்றார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் பாதுகாப்புப் பலகை இருக்கிறதே, அது அப்போதும் இருந்தது. அந்த வருடம் நடந்த விபத்துகளைக் காரண வாரியாக அதில் எழுதுவார்கள். காரணங்கள் பெயின்டில், எண்ணிக்கை சாக்பீஸில். கஸ்தூரி அதன் முன்னால் நின்றுவிட்டார். விரலை வைத்து வரிசையாக வாய்விட்டுப் படித்தார்.

"மிஷின், பூஜ்யம். வழுக்கி விழுதல், ரெண்டு. மின்சாரம், பூஜ்யம். தீ, பூஜ்யம். மிசலேனியஸ், ஒண்ணு."

விரல் அங்கேயே நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"இந்த ஒண்ணு யாரு சார்?"

எத்தனையோ நாள் அந்தப் பலகையைக் கடந்து போயிருக்கிறேன். அது எனக்கு உறைத்ததே இல்லை.

"குமரேசன்மா" என்றேன்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. கேட்டில் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், செக்யூரிட்டி பார்த்துக்கொண்டிருந்தார், நான் எல்லாவற்றையும் சொன்னேன். லேபிளை உரித்தது, தூணுக்குப் பின்னால் நின்றது, விசாரணையில் எழுதாமல் விட்ட அந்த வாக்கியம். எதுல எத ஊத்தறதுன்னு அவன் கேட்டான்மா, எல்லாம் மிஸ்தான், எதுல எத ஊத்தினா இன்னான்னு நான் சொன்னேன்மா. என்னை அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அவர் அடிக்கவில்லை. பலகையிலிருந்து விரலை எடுத்தார்.

"கேட்டாரா?" என்றார்.

"என்னம்மா?"

"எதுல எதன்னு அவரு கேட்டாரா?"

"கேட்டான்மா. கேன சுத்திச் சுத்திப் பாத்துட்டுக் கேட்டான்."

"கேப்பாரு. உப்பு டப்பாவக்கூட என்னக் கேட்டுட்டுத்தான் எடுப்பாரு." அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை. "அவரு ஒண்ணும் தெரியாம ஊத்திட்டார்னு ஊரே சொல்லுச்சு சார். வெவரம் இல்லாத ஆளுன்னு சொன்னாங்க. எம் பொண்ணுங்ககிட்டயே சொன்னாங்க."

நான் எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம் என்ன செய்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செக்யூரிட்டி மேஜையில் இருந்த சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பேரை எழுதுங்க சார்."

அந்த 'ஒன்று' என்பதைக் கையாலேயே அழித்துவிட்டு, அந்த இடத்தில் குமரேசன் என்று எழுதினேன். அன்று சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து, விட்டுப்போன வாக்கியத்தையும் சேர்த்து விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதன் நகல் ஒன்றைக் கஸ்தூரியிடம் கொடுத்தேன். பெண்களிடம் படித்துக் காட்டச் சொன்னேன். படித்துக் காட்டியதாகப் பிறகு சொன்னார். அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். நான் கேட்டதில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் எத்தனையோ வருடம் வேலை பார்த்தோம், தினமும் வணக்கம் சொன்னார், என் மகள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டார்.

வருடம் முடிந்ததும் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி நானும் கஸ்தூரி அம்மாவும் போய்க் கேட்டோம். எடுத்துவிட்டார்கள். இப்போது நீங்கள் பார்க்கிற பலகையில் அடியில் ஒரு வரி அளவுக்கு வெற்றிடம் இருக்கிறதே, அது பெயின்டர் அளவு தப்பியதால் வந்தது அல்ல.

உங்கள் கம்ப்யூட்டரில் 'அதர்ஸ்' என்று ஒரு கட்டம் இருப்பதை அன்றைக்கு வந்தபோது பார்த்தேன். அதை அமுக்குவதற்கு முன்னால் கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் யோசியுங்கள். யாராவது உங்களிடம் 'எதுல எத' என்று கேட்டால், போன் அடித்துக்கொண்டிருந்தாலும் திரும்பி அவர் முகத்தைப் பாருங்கள். அந்த அரை கேனைத் தூக்கிக்கொண்டு கோபமாகத் திரும்பி வந்த தம்பி, அது இன்னும் உங்கள் மேஜைக்கு அடியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கெமிக்கல் லேப்பில் விசாரித்து, ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, நாளைக் காலையில் கஸ்தூரி அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கிக்கொள்வார்.